சார், எந்த டப்பா வாங்கலாம்?



இது கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் ஐந்து வயதுக்குள் குழந்தை இருப்பவர்களும், கர்ப்பமாக இருக்கும் பெண் இருப்பவர்களும் தயவு செய்து கடைசி வரை படியுங்கள். மற்றவர்கள் அப்படிப்பட்ட வீடு தெரிந்தால் அனுப்பிவிடுங்கள்.

ஆடிப்பெருக்கு முடிந்த வாரம், சென்னையிலிருந்து வந்த உறவினர்களை அழைத்துக்கொண்டு ஒகேனக்கல் போயிருந்தேன். தண்ணீர் வரத்து அதிகம் என்று அன்று பரிசல் விடவில்லை. சரி, மீனாவது சாப்பிடலாம் என்று கடைகள் பக்கம் நடந்தோம். "சார், நல்லா இருக்கீங்களா?" என்று ஒரு குரல். என்னிடம் எட்டாம் வகுப்பு வரை படித்த பெண். இப்போது அவளும் கணவரும் அங்கே மீன் வறுத்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறார்கள். காசு வேண்டாம் என்று ஒரே பிடிவாதம். வற்புறுத்திக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கடைக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் அவளுடைய பெண் குழந்தை உட்கார்ந்திருந்தது. பிஸ்கட்டை டீயில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பார்த்ததும் ஒன்றேகால் வயது இருக்கும் என்று நினைத்தேன்.

"போன மாசம் ரெண்டு முடிஞ்சுது சார். அங்கன்வாடியில அளந்து பாத்தாங்க. 77 சென்டிமீட்டர்தான் இருக்கு, வயசுக்கேத்த வளர்த்தி இல்லேன்னு சொல்லிட்டாங்க. டிவியில காட்டுற பவுடரைத்தான் வாங்கிக் கலக்கிக் குடுக்கறேன். ஒரு டப்பா எழுநூறு ரூபா. இது மூணாவது டப்பா. இன்னும் நல்லதா எந்த டப்பா வாங்கலாம் சார்?"

உடனே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. "விசாரிச்சுச் சொல்றேம்மா" என்று வந்துவிட்டேன். அதன்பிறகு என் மாணவர்களில் மருத்துவர்களாக இருக்கும் இருவரிடம் பேசினேன். கொஞ்சம் படித்தும் பார்த்தேன். அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இதே கேள்வியை இந்த ஒரு வருடத்தில் நம் குடும்பத்திலேயே மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

என் பதில் இதுதான்: எந்த டப்பாவும் வேண்டாம். சத்து மருந்துக்கு ஒரு வேலை உண்டு, அதை அரசாங்கமே இலவசமாகக் கொடுக்கிறது. ஆனால் குழந்தையை உயரமாக்குவது அந்த மருந்தின் வேலை அல்ல. அந்தக் காசு முட்டைக்கும் மீனுக்கும் பாலுக்கும் போக வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்த 77 என்ற எண்ணைப் பார்ப்போம். இரண்டு வயது முடிந்த பெண் குழந்தையை நிற்க வைத்து அளந்தால் நடுத்தர உயரம் சுமார் 85.7 செ.மீ. 79.3-க்குக் கீழே போனால் வளர்ச்சி குன்றியிருக்கிறது என்று கணக்கு. ஆண் குழந்தைக்கு நடுத்தரம் 87.1, எல்லை 81. இந்த அட்டவணையை உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்டது.

"அது வெள்ளைக்காரன் அளவு, நம்ம ஜனங்க குட்டைதான்" என்பார்கள். அது தவறு. அந்த அட்டவணைக்காக ஆறு நாட்டுக் குழந்தைகளை அளந்தார்கள்: பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா. நம் நாட்டில் தெற்கு டெல்லிக் குழந்தைகள். நல்ல வீடு, தாய்ப்பால், போதுமான சாப்பாடு, நோய்க்கு வைத்தியம் என்று எல்லாம் கிடைத்த குழந்தைகள் முதல் ஐந்து வயதில் எந்த நாடானாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்ந்தார்கள். தனித்தனிக் குழந்தைக்கு அப்பா அம்மா உயரம் கொஞ்சம் வித்தியாசம் காட்டும். ஆனால் ஒரு ஊர்க் குழந்தைகளில் நாலில் ஒன்று குட்டை என்றால் அதற்குப் பரம்பரையைக் காரணம் சொல்ல முடியாது.

நாலில் ஒன்று என்று சும்மா சொல்லவில்லை. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குள் வளர்ச்சி குன்றிய குழந்தைகள் நூற்றுக்கு 25 பேர். நாடு முழுவதும் சேர்த்தால் 35.5. நாம் பரவாயில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். நம் பக்கத்துப் பள்ளியில் வேலை பார்த்த எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

இங்கே என் தவறு ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். பிரார்த்தனைக் கூட்டத்தில் உயரப்படி வரிசையில் நிற்க வைப்போம், ஞாபகம் இருக்கிறதா? முன்னால் நிற்கும் ஏழெட்டுப் பேரை நான் பெயரோடு சேர்த்து "குட்டி" என்று கூப்பிடுவேன். அன்பாகத்தான் கூப்பிட்டேன். அவர்கள் அப்பா அம்மாவும் குட்டைதானே என்று நினைத்துக்கொண்டேன். அந்த அப்பா அம்மாவும் சிறு வயதில் பசியோடு வளர்ந்தவர்கள் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. அந்த வரிசையில் நின்றவள்தான் இன்று மீன் வறுக்கும் இந்தப் பெண்.

இதை நமக்கு முன்பே உரக்கச் சொன்னவர் நம் பக்கத்துக்காரர்தான். டாக்டர் சி. கோபாலன், 1918-இல் சேலத்தில் பிறந்தவர். அப்போது தருமபுரியும் சேலம் மாவட்டம்தான், 1965-இல்தான் பிரிந்தது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். 1980-களின் தொடக்கத்தில் டேவிட் செக்லர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர், ஏழை நாட்டுக் குழந்தைகள் 'சிறியவர்கள், ஆனால் ஆரோக்கியமானவர்கள்' என்று எழுதினார். கோபாலன் அதைக் கடுமையாக எதிர்த்தார். குள்ளமாக இருப்பது ஏழைகளுக்குப் போதும் என்று சொல்வதுபோல் ஆகிவிடும் என்பது அவர் வாதம். 2019-இல் நூறு வயது தாண்டி மறைந்தார். பாடப்புத்தகத்தில் அவர் பெயரை நான் பார்த்ததில்லை. நீங்களாவது தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது சத்து மருந்துக்கு வருவோம்.

மருந்து கொடுத்தால் குழந்தை வளரும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது? அதற்கும் ஒரு நிஜக் கதை உண்டு. 1958-இல் பீகாரைச் சேர்ந்த டாக்டர் ஆனந்த பிரசாத் ஈரானில் ஷிராஸ் நகரில் வேலை பார்த்தார். அங்கே 21 வயது இளைஞன் ஒருவன் வந்தான். பார்த்தால் பத்து வயதுப் பையன் மாதிரி. அவன் சாப்பிட்டதெல்லாம் பெரும்பாலும் கோதுமை ரொட்டி, கூடவே மண் தின்னும் பழக்கம். துத்தநாகச் சத்துக் குறைவாக இருக்கலாம் என்று பிரசாத் சந்தேகித்தார். பிறகு எகிப்தில் அதே மாதிரி இளைஞர்களை வைத்து அதை உறுதி செய்தார். துத்தநாகம் கொடுத்ததும் வளர்ந்தார்கள். அதுவரை மனிதனுக்குத் துத்தநாகக் குறை வரும் என்றே மருத்துவ உலகம் நினைக்கவில்லை.

அப்படியானால் எல்லாக் குழந்தைக்கும் துத்தநாகம் கொடுத்துவிட்டால் போதுமே? கொடுத்துப் பார்த்தார்கள். பல ஏழை நாடுகளில் நடந்த சோதனைகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, தினம் 10 மில்லிகிராம் வீதம் 24 வாரம் கொடுத்த குழந்தைகள், கொடுக்காதவர்களைவிட 0.37 செ.மீ. அதிகம் வளர்ந்திருந்தார்கள். ஸ்கேலை எடுத்துப் பாருங்கள். நாலு மில்லிமீட்டர்கூட இல்லை. பொய்யில்லை, பலன் உண்டு. ஆனால் நம் குழந்தைக்கு எல்லையைத் தொடவே இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வேண்டும்.

இரும்புச் சத்தும் வைட்டமின் ஏ-யும் தனியாகக் கொடுத்தபோது உயரத்தில் வித்தியாசமே தெரியவில்லை. பல சத்துகளைக் கலந்து சாப்பாட்டில் தூவும் பொடி ரத்தசோகையைக் குறைத்தது, உயரத்தைக் கூட்டவில்லை.

காரணம் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. உங்களில் பாதிப் பேர் பெங்களூருவில் கட்டட வேலை பார்த்தவர்கள். சுவர் எழும்ப செங்கல், மணல், சிமெண்ட், தண்ணீர் நாலும் வேண்டும். சிமெண்ட் மட்டும் பத்து மூட்டை வந்து இறங்கினால் சுவர் எழும்பாது. புரதம், துத்தநாகம், பாஸ்பரஸ், மெக்னீசியம், பொட்டாசியம் இவை உடம்பு கட்டும் சாமான்கள். இதில் ஒன்று குறைந்தாலும் உடம்பு தானாகவே வேலையை நிறுத்திவிடும். இரும்பும் அயோடினும் வைட்டமின் ஏ-யும் வேறு மாதிரி. அவை குறைந்தால் உடம்பு வளர்ச்சியை உடனே நிறுத்தாது. ரத்தசோகை, கழுத்துக் கழலை, மாலைக்கண் என்று அதற்குரிய நோய் வரும். ஒரு குழந்தையின் சாப்பாட்டில் ஒன்று மட்டும் குறைவது அபூர்வம். சோறும் ரசமும் பிஸ்கட்டுமாகச் சாப்பிடும் குழந்தைக்கு எல்லாச் சாமானும் சேர்ந்தே குறைகிறது.

இதை இன்னொரு சோதனையும் காட்டுகிறது. வேர்க்கடலை விழுது, எண்ணெய், பால் பவுடர், கூடவே எல்லா வைட்டமின்களும் தாதுக்களும் சேர்த்து தினம் 20 கிராம் போல ஊட்டிப் பார்த்தார்கள். 14 சோதனைகள், 37,000-க்கு மேல் குழந்தைகள். 2021-இல் முடிவு வெளியானது. வளர்ச்சி குன்றல் 12 சதவீதம் குறைந்தது. மருந்து மட்டும் கொடுத்ததைவிட மேல், காரணம் அதில் சாப்பாடும் இருக்கிறது. ஆனால் அதிலும் நூறு குன்றிய குழந்தையில் பன்னிரண்டைத்தான் மீட்க முடிந்தது.

அப்படியென்றால் அரசாங்கம் கொடுக்கும் சொட்டும் சிரப்பும் வீணா? இல்லவே இல்லை. இந்த இடத்தை யாரும் தப்பாகப் புரிந்துகொள்ள வேண்டாம். அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குள் ரத்தசோகை உள்ள குழந்தைகள் நூற்றுக்கு 57 பேர். வாரம் இரண்டு முறை கொடுக்கச் சொல்லும் இரும்புச்சத்து சிரப் அதற்குத்தான். அதைக் கொடுத்தால் மலம் கறுப்பாகப் போகும். பயந்துபோய் நிறுத்திவிடுகிறார்கள். அது இரும்பின் நிறம், பயப்பட வேண்டாம். டீயோடு மட்டும் கொடுக்காதீர்கள், டீ இரும்பைச் சேர விடாது. ஒன்பது மாதத்தில் தொடங்கி ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ கண்ணுக்கும் நோய் எதிர்ப்புக்கும். பூச்சி மாத்திரையையும் தவற விடாதீர்கள். இவை அனைத்தும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் இலவசம்.

துத்தநாகத்துக்கும் நம் வீட்டில் ஒரு கட்டாய வேலை இருக்கிறது. வயிற்றுப்போக்கு வந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசலோடு துத்தநாக மாத்திரையும் 14 நாள் கொடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மில்லிகிராம், அதற்குக் கீழ் 10. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2004-இல் இதை அறிவுறுத்தின. நம்மவர்கள் போக்கு நின்ற மூன்றாம் நாளே மாத்திரையை அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். பதினாலு நாளும் கொடுங்கள்.

நோய்க்கும் உயரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். வேலூரில் பழைய நகரப் பகுதிக் குழந்தைகளைப் பிறந்த நாளிலிருந்து பின்தொடர்ந்து பார்த்தார்கள். எட்டு நாடுகளில் நடந்த ஆய்வின் ஒரு பகுதி அது. வயிற்றுப்போக்கு இல்லாதபோதுகூடக் குடலில் கிருமி தங்கியிருந்த குழந்தைகள் வளர்ச்சியில் பின்தங்கினார்கள். சாப்பிடுவது உடம்பில் ஒட்டாமல் போகிறது. ஆனால் கை கழுவுவதாலும் கழிப்பறையாலும் மட்டும் உயரம் வந்துவிடவில்லை. வங்கதேசம், கென்யா, ஜிம்பாப்வே மூன்றிலும் செய்து பார்த்து 2018-இல் அப்படித்தான் முடிவு வந்தது. இது ஒரே சாவியில் திறக்கும் பூட்டு இல்லை.

சரி, எழுநூறு ரூபாய்க்கு என்ன செய்யலாம்? பழைய கணக்கு வாத்தியார் கணக்காகவே சொல்கிறேன். முட்டை ஏழு ரூபாய் என்று வையுங்கள். ஒரு டப்பா காசுக்கு 100 முட்டை. தினம் ஒன்று என்றால் மூன்று மாதத்துக்கு மேல் வரும். டப்பாவின் பின்பக்கத்தில் சர்க்கரை எவ்வளவு என்று நீங்களே படித்துப் பாருங்கள். இப்படிப்பட்ட பானங்களை 'ஆரோக்கிய பானம்' என்ற தலைப்பில் காட்டி விற்கக் கூடாது என்று மத்திய வர்த்தக அமைச்சகமே 2024 ஏப்ரலில் இணைய வியாபார நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது.

முட்டையைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஈக்வடார் நாட்டில் ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு ஆறு மாதம் தினம் ஒரு முட்டை கொடுத்தார்கள். வளர்ச்சி குன்றல் 47 சதவீதம் குறைந்தது. இது 2017-இல் வெளியானது. ஆனால் அது 163 குழந்தைகளை வைத்து நடந்த சிறிய சோதனை. அதையே பிறகு ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டில் பெரிய அளவில் செய்தபோது உயரத்தில் வித்தியாசம் வரவில்லை. ஆய்வாளர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று, அந்த ஏரிக்கரைக் குழந்தைகள் ஏற்கெனவே மீன் சாப்பிட்டு வந்தார்கள் என்பது.

இதைப் படித்தபோது அந்த ஸ்டூல்தான் கண்முன் வந்தது. காவிரி மீனைப் பக்கத்திலேயே வறுத்து வெளியூர்க்காரர்களுக்குப் பரிமாறுகிறார்கள். குழந்தை கையில் பிஸ்கட். அவளைக் குறை சொல்லவில்லை. காலை ஆறு மணிக்கு அடுப்பு பற்ற வைத்தால் இருட்டும் வரை நிற்கும் பெண். குழந்தை அழாமல் இருக்க எது கைக்கு வருகிறதோ அதைத்தான் கொடுக்க முடியும்.

அம்மா, உனக்கு நான் சொல்வது இது. மசாலா போடுவதற்கு முன் ஒரு துண்டு மீனை எடுத்து வை. வேக வைத்து, முள் ஒன்றுகூட இல்லாமல் விரலால் தடவிப் பார்த்து, சோற்றோடு பிசைந்து கொடு. காலையில் ஒரு முட்டை. டீயும் பிஸ்கட்டும் இன்றோடு நிற்கட்டும். நம் கேழ்வரகு இருக்கிறது. 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து, அரிசியில் அதில் சொற்பம்கூட இல்லை. ஆனால் முளைகட்டி, காயவைத்து அரைத்த மாவாக இருந்தால்தான் அதிலுள்ள இரும்பும் துத்தநாகமும் உடம்பில் நன்றாகச் சேரும். உன் பாட்டி அப்படித்தான் செய்திருப்பார். கூழைத் தண்ணீராகக் கரைக்காதே. கரண்டியைச் சாய்த்தால் வழியாமல் நிற்க வேண்டும், அதில் வறுத்துப் பொடித்த வேர்க்கடலையும் கொஞ்சம் எண்ணெயும் சேர். குழந்தையின் வயிறு அவள் கையளவுதான், தண்ணீரால் நிரப்பினால் சத்துக்கு இடமிருக்காது. அங்கன்வாடி சத்துமாவை மாட்டுக்குப் போடாதே. ஒரு முறை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமும் காட்டிவிடு. வேறு நோய் ஏதும் இருக்கிறதா என்று அவர்தான் பார்க்க வேண்டும்.

இப்படிச் செய்தால் அடுத்த வருடம் எல்லாரையும் எட்டிப் பிடித்துவிடுவாளா? பொய் சொல்ல மாட்டேன். கருவில் இருக்கும் நாள் முதல் இரண்டு வயது வரைதான் வளர்ச்சி வேகமாக நடக்கும் காலம். அதில் விட்ட உயரத்தை முழுதாகப் பிடிப்பது கடினம். ஆனால் இன்னும் கீழே இறங்காமல் நிறுத்த முடியும். ரத்தமும் மூளையும் படிப்பும் சாப்பாட்டைப் பார்த்துத்தான் இருக்கின்றன. நாளைக்கு அவள் ஒரு குழந்தை பெறும்போது அந்தக் குழந்தையின் எடையும் இன்றைய தட்டைப் பொறுத்தது. பதினெட்டு முடியாமல் பெண்ணைக் கட்டிக் கொடுக்கும் நம் ஊர் வழக்கமும் இந்தக் குட்டை வரிசையைத்தான் நீட்டிக்கொண்டே போகிறது.

கடைசியாக, அங்கன்வாடியிலும் அரசுப் பணியிலும் இருக்கும் என் மாணவர்களுக்கு இரண்டு வார்த்தை.

தமிழ்நாடு இந்த விஷயத்தில் ஏமாற்றிய மாநிலம் இல்லை. 1980-லேயே மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டுப் பார்த்து, தேறாதவர்களுக்குத் தனியாக உணவு கொடுத்த திட்டம் இங்கே நடந்தது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆரின் சத்துணவு. 2022 மே மாதம் ஊட்டியில் தொடங்கிய 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டம். 2023-இல் நம் மாவட்டத்திலும் நீலகிரியிலும் ரேஷனில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் கேழ்வரகு. எல்லாம் நல்லது. ஆனால் மையத்துக்கு நடந்து வரும் வயதில் தட்டில் விழும் முட்டை, அதற்கு முந்தைய வயதில், உயரம் முடிவாகும் அந்த மாதங்களில், தினமும் போய்ச் சேர வேண்டும். அந்த வயதுக் குழந்தையின் வீட்டுக்குப் பெரும்பாலும் போவது மாவுப் பொட்டலம்தான். இன்னொரு புதுப் பொடிக்கும் மாத்திரைக்கும் செலவழிப்பதற்கு முன் ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை தினம் ஒரு முட்டை என்று ஆணை போடச் சொல்வேன். அதோடு, எடை மட்டும் போட்டுவிட்டு நீளத்தை உத்தேசமாக எழுதாதீர்கள். இரண்டு வயதுக்குள் குழந்தையைப் படுக்க வைத்து அளந்து, அம்மாவிடம் அந்த எண்ணைச் சொல்லுங்கள். எண் தெரிந்ததால்தான் இந்தப் பெண் என்னிடம் வந்து கேட்டாள்.

நேற்று அவளுக்கு போன் செய்து இதையெல்லாம் சொன்னேன். "அப்போ மூணு டப்பா காசும் போச்சா சார்?" என்றாள். போச்சும்மா என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நாளையிலேர்ந்து அவளுக்கு ஒரு துண்டு எடுத்து வைக்கறேன் சார்" என்றாள்.

தைப்பொங்கல் சமயத்தில் மறுபடி ஒகேனக்கல் போவேன். கையோடு ஒரு அளவு நாடாவும் எடுத்துப் போகிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்

பின்குறிப்பு: "நாங்க சைவம் பெரியப்பா" என்று எழுதப் போகும் என் தம்பி மகளுக்கு: பால், தயிர், வேர்க்கடலை, பருப்பு, முருங்கைக்கீரை. அளவு குறையாமல், தினமும்.